முனியப்பனுக்குப் பின்னால் இருந்த தூண்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து, எழுதாமலேயே சில வருடங்களை ஓட்டிவிட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரமில்லை என்று சொல்ல வழியில்லை. காலையில் கோயிலுக்குப் போய் வந்தால் மதியம் வரை சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத வராது என்பது ஒரு காரணம். பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் கட்டட வரைவாளர் படிப்பு படித்தவன் நான். கோடு போடச் சொன்னால் நேராகப் போடுவேன். வாக்கியம் அப்படி வராது. இன்னொரு காரணம், இந்தச் சம்பவத்தை வாயால் சொன்னபோதெல்லாம் கேட்டவர்கள் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நான் சொன்ன பதில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து, இது சொல்லத் தகுந்த விஷயம்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சமீபத்தில் ராசிபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில், நம் தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி இதே சம்பவத்தை என்னிடமே சொன்னார். நான்தான் அங்கே இருந்தவன் என்று அவருக்குத் தெரியாது. நன்றாகத்தான் சொன்னார். ஆனால் முடிவை மாற்றிச் சொன்னார். வீட்டுக்கு வந்து விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, இனிமேலும் தள்ளிப் போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். சாலை, பாலங்களுக்கு டிஜிட்டல் மாடல் செய்யும் வேலைக்கு இப்போது வந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்தான் இது.

நாம் செய்கிற வேலையை வீட்டில் விளக்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். "பாலந்தான் அங்கெ நிக்குதே, அதையே எதுக்குங்க மறுபடியும் கம்ப்யூட்டருக்குள்ள கட்டறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். ஒவ்வொரு தூணுக்கும் உத்தரத்துக்கும் மாடலில் ஒரு பெயர் உண்டு. தொட்டால் அது எப்போது கட்டியது, எங்கே பூசியது, எவ்வளவு பாரம் தாங்கும் என்பதெல்லாம் வரும். பாலத்தின் மேல் புதிதாகப் பாரம் ஏற்ற வேண்டுமென்றால் அதிகாரிகள் முதலில் மாடலைத்தான் பார்ப்பார்கள் என்று சொன்னேன். "அப்ப அது தப்பா இருந்தா?" என்றாள். சாம்பார் கொதிக்கிறது, போய்ப் பார் என்றேன். அவள் கேட்டதுதான் சரியான கேள்வி.

நான் காகிதத்தில் வரைந்து பழகி, பாதி வயதுக்கு மேல் கம்ப்யூட்டருக்கு வந்தவன். முதல் நாள் திரையின் ஓரத்தில் விபூதி பூசிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சேலத்தில் ஒரு சின்ன நிறுவனம் எங்களுடையது. அங்கே பொறியாளராக இருந்த பெண்மணி வாழப்பாடிப் பக்கத்துக்காரர், என் மகள் வயது. நான் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பெயர் போட அவர் சம்மதிக்கவில்லை.

சம்பவத்துக்கு முன்னால் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். ஸ்கேனர் என்கிற லேசர் கருவியை எதிரே வைத்துப் பாலத்தை அளக்கும்போது, கருவிக்குப் பாலமும் ஒன்றுதான், பாலத்தடியில் படுத்திருக்கிற எருமையும் ஒன்றுதான். கண்ணில் பட்டதையெல்லாம் புள்ளிகளாக அள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆபீசில் ஒருவர் உட்கார்ந்து எருமையை நீக்குவார், காயப்போட்ட சேலையை நீக்குவார், பிளெக்ஸ் பேனரை நீக்குவார். நீக்கிய இடம் ஓட்டையாக நிற்கும். சுற்றியிருக்கிற பரப்பைப் பார்த்து அந்த ஓட்டையை மென்பொருளே அடைத்துவிடும். அப்புறம் எது அளந்த இடம், எது அடைத்த இடம் என்று கண்ணுக்குத் தெரியாது. இதற்கு எங்கள் ஆபீசில் 'சுத்தம் பண்றது' என்று பெயர். மாடல் சுத்தமாக இருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம்.

மல்லசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஓடையின் மேல் பழைய பாலம் ஒன்று. பஸ்ஸும் சின்ன வண்டிகளும் போகும். கனரக வண்டிகள் போகக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். பெரிய சாலையை அகலப்படுத்தத் தோண்டிப் போட்டிருந்ததால், வேலை முடியும் வரை லாரிகளை இந்தப் பாலத்தின் வழியாகத் திருப்பிவிடலாம் என்று பேச்சு. பாலத்தின் மாடல் எங்களிடம் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தாங்கும் என்று வந்தது. எல்லாத் தூணும் பச்சை நிறம், அதாவது பயமில்லை. கடைசியாக ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் மேடம் கையெழுத்துப் போட்ட அறிக்கை போக வேண்டும். மறுநாள் காலையில் லாரிகளை விடுவார்கள். தனியாகத் தன் பெயரில் அவர் கையெழுத்துப் போடுகிற முதல் பாலம் அது.

மாசி மாதம். ஓடையில் தண்ணீர் இல்லை, மணல்தான். நடுத்தூணின் அடியில் செங்கல்லால் கட்டிய நெஞ்சு உயரக் கோயில் ஒன்று. முதுகுச் சுவர் தூணோடு ஒட்டியிருந்தது. உள்ளே கல் முனியப்பன், முன்னால் மண்ணில் நட்ட வேல்கள், எலுமிச்சம்பழம், எண்ணெய்ப் பிசுக்கு. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். மேடமும் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். எங்கள் ஆட்கள் ஸ்கேனர் கொண்டுவந்த அன்றும் இப்படித்தான் செய்திருப்பார்கள். கும்பிட்டுவிட்டு, கருவியை மரியாதையாகத் தள்ளி நிறுத்தியிருப்பார்கள். சாமிக்கு முதுகுப் பக்கமாகப் போய் எட்டிப் பார்ப்பது நம்மில் யாருக்கும் வராது. அது தப்பு என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. கை கால் தானாகவே போகாது.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே மொபெட்டில் ஒருவர் வந்து இறங்கினார். அறுபதைத் தாண்டிய மனிதர், தலையில் துண்டு, காலெல்லாம் செம்மண். செல்லமுத்து என்று பெயர். பக்கத்துக் காட்டில் மரவள்ளிக் கிழங்கு போட்டிருக்கிறார். முனியப்பனுக்குப் பூசை செய்வதும் அவர் குடும்பம்தான்.

"ஏனுங் தம்பி, நாளைக்கு லாரி உட்டுருவாங்கல்ல?"

"பொழுதோட ரிப்போர்ட் குடுக்கோணுங்ணா. அதுக்கு மேலதான் தெரியும்."

"அட, அதென்னுங் ரிப்போர்ட்டு! காத்தால இருந்து ஆளு உட்டுப் புடுங்கிட்டு இருக்கறனுங். பாதிக்கு மேல புடுங்கியாச்சு. நாளைக்கு லாரி வருது. வேற மாதிரி கீது சொல்லிப் போடாதீங்க சாமி."

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பிடுங்கிய கிழங்கைச் சேர்த்து வைக்க முடியாது. இரண்டு நாள் தாண்டினால் உள்ளே கறுக்கும். ஜவ்வரிசி மில்லில் மாவுச்சத்தைப் பார்த்துத்தான் விலை. கறுத்ததை ஓரமாகக் கொட்டச் சொல்லிவிடுவார்கள். பெரிய சாலை தோண்டிக் கிடந்ததால் லாரி வெகுதூரம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும், அப்படிச் சுற்றி வர எந்த லாரிக்காரரும் சம்மதிக்கவில்லை. பாலம் திறக்கப்போகிறது என்ற பேச்சை நம்பித்தான் அவர் அன்றைக்கு ஆள் விட்டிருந்தார்.

மேடத்தின் கையில் இருந்த டேப்லெட்டை எட்டிப் பார்த்தார். "அந்தச் சிலேட்டுல என்னுங் அம்மணி பாக்கறீங்க?"

மேடம் சந்தோஷமாகக் காட்டினார். விரலால் எப்படித் திருப்புவது என்று சொல்லியும் கொடுத்தார்.

"அட்ரா சக்க! நம்ம பாலமா இது? அங்கெ பாருங்க, கரும்பு வண்டி மோதி ஒடச்ச கைப்பிடிச் செவுரு. அதக்கூட உடலீங்களே! ஓடைக்குள்ள கெடக்கற பாறாங்கல்லு. நெம்ப ஜோரா இருக்குதுங்…" பேசிக்கொண்டே நடுத்தூணுக்கு வந்தார். விரல் நின்றது. முன்னால் பார்த்தார், திரையைப் பார்த்தார். "சாமி எங்கீங்?"

"எந்த சாமிங்க?" என்றார் மேடம்.

"எந்த சாமியா? தா, முன்னால நிக்கறாரே, இவருதான். ஒடஞ்ச செவுத்தப் போட்டிருக்கறீங்க. ஒண்ணுக்கும் ஆவாத கல்லப் போட்டிருக்கறீங்க. எங்க முனியப்பனக் காணோமே?"

"அது பாலத்தோட பாகம் இல்லைங்க. அதனால எடுத்துட்டோம்."

"எடுத்துட்டீங்களா? ஆரக் கேட்டு எடுத்தீங்க?"

நான் நடுவில் புகுந்தேன். "படத்துல இருந்துதானுங்ணா…"

"படத்துல எடுத்தா எடுத்ததில்லீங்களா? உங்க ஊட்டுக் கலியாணப் படத்துல உங்கள எடுத்துப்போட்டுக் காட்டுனாச் சும்மா இருப்பீங்களா தம்பி? சாமிய எடுத்துப்போட்டு, தூணப் பாருங்க, பளிங்காட்டம் வெச்சிருக்கறீங்க!"

நான் சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை. டேப்லெட்டை வாங்கி அந்தத் தூணின் அடியைப் பெரிதாக்கினார். மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு, கறை, சின்னச் சின்னப் பள்ளம். கோயில் இருக்க வேண்டிய இடம் மட்டும் மழமழவென்று இருந்தது. "சார், இது அளந்தது இல்ல," என்றார். குரல் இறங்கியிருந்தது. "இது அடைச்சது."

அந்த ஒரு நிமிடத்தை நீங்கள் எல்லோரும் என்றைக்காவது பார்ப்பீர்கள். பாலம் மாறவில்லை. காலையில் இருந்த அதே பாலம்தான். நமக்குத் தெரியும் என்று நினைத்தது தெரியாது என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

மேடம் சுத்தியலால் தூணை மூன்று பக்கமும் தட்டிப் பார்த்தார். நல்ல சத்தம். கோயிலுக்கும் தூணுக்கும் நடுவே போன் கேமராவை நுழைக்கப் பார்த்தார். இடைவெளியே இல்லை. வருடக்கணக்காக அபிஷேகத் தண்ணீரும் உப்பும் எண்ணெயும் இறங்குகிற இடம் அது. உள்ளே கம்பி எப்படி இருக்கிறதோ. ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். பார்க்க வேண்டுமென்றால் முதுகுச் சுவரைப் பிரித்துச் சாமியை நகர்த்த வேண்டும்.

மேடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். செல்லமுத்து அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. "பாத்துட்டா லாரிய உட்டுருவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லா இருந்தா இன்னைக்கே எழுதிடுவேன்."

"அப்பச் சரி. ஆனா நானாத் தொட முடியாதுங் அம்மணி. அவரைக் கேக்கோணும்."

பூ வைத்துக் கேட்பதைச் சொல்கிறார். ஓடைக்கரையில் இருந்த செடியில் அரளிப் பூ பறித்து வந்தார். தண்ணீரில் நனைத்து, சாமியின் இரண்டு தோளிலும் ஒவ்வொன்றாக ஒட்டினார். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். சூடம் ஏற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். நானும் நின்றேன். மேடத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சாலை ஒப்பந்தக்காரர் தரப்பிலிருந்து அறிக்கையைக் கேட்கிறார்கள். எடுக்கவில்லை. அவர் சாமி கும்பிடுகிற பெண் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் என்னைவிட அவர்தான் அந்தப் பூவைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் முருகனை அழைத்து, வலப்பக்கம் விழட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இடப்பக்கப் பூ விழுந்தது.

செல்லமுத்து அண்ணன் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, யோசித்து யோசித்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"சாமி வேண்டாங்குது. அப்படீன்னா என்ன அர்த்தம்? தோண்டிப் பாக்கவே தேவையில்லீங்கறாரு. தூணு நல்லா இருக்குதுன்னு அவருக்குத் தெரியாதா? அங்கயே நிக்கறவரு அவரு. உட்டுருங்க அம்மணி. லாரி போகட்டும்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது சரியாகவே பட்டது. கேட்கவும் இதமாக இருந்தது. சாமி வாக்கும் வந்தாயிற்று, மாடலும் பச்சை, மூன்று பக்கம் தட்டியும் பார்த்தாயிற்று. மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க சாமி கும்பிடறவர். நீங்க சொல்லுங்க சார். சாமி என்ன சொல்லுச்சு?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டார். செல்லமுத்து அண்ணனும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காட்டில் ஆட்கள் இன்னும் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பேச்சுக் குரல் அங்கிருந்து கேட்டது.

நான் கும்பிட்டுக்கொண்டுதான் சொன்னேன். "நகர மாட்டேன்னு சொல்லியிருக்காரு மேடம். நாம கேட்டது அது ஒண்ணுதான், அவர் சொன்னதும் அது ஒண்ணுதான். லாரிய உடுன்னு நாம கேக்கவும் இல்ல, அவர் சொல்லவும் இல்ல. அது நாம சேத்துக்கறது."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஓட்டையை அடைக்கிற வேலையை மென்பொருள் மட்டும் செய்வதில்லை.

செல்லமுத்து அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "நீங்களும் நம்மூருக்காரருதானே தம்பி," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மேடம் போனை எடுத்தார். அந்தப் பக்கம் பேசியவரின் குரல் எனக்கே கேட்டது. "மாடல்ல எல்லாம் பச்சையாத்தானே மேடம் இருக்கு? ஒரு கோயிலுக்காகவா நிறுத்தறீங்க?"

"கோயிலுக்காக இல்ல சார். கோயிலுக்குப் பின்னால நாங்க பார்க்கல. பார்க்காத இடத்துக்குப் பச்சை போட்டு வெச்சிருக்கோம். இப்ப எடுத்துடறோம்."

"வெடிப்பு இருக்கா? அதைச் சொல்லுங்க."

"தெரியாது சார்."

"தெரியாதுன்னு எழுதி ஒரு ரோட்டை நிறுத்துவீங்களா?"

"ஆமாங்க சார்." குரல் நடுங்கவில்லை.

நாங்கள் வந்த ஜீப்பில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். அடைத்திருந்ததை நீக்கினேன். நடுத்தூணின் அடியில், ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓட்டை நின்றது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. அதன் மேல் 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். இத்தனை வருட வேலையில் அந்த வார்த்தையை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. கனரக வண்டிகள் வேண்டாம், பஸ்ஸும் சின்ன வண்டிகளும் இதுவரை போல் போகலாம் என்று மேடம் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

மறுநாள் சின்ன சரக்கு வண்டிகளைப் பிடித்து, பிரித்துப் பிரித்துக் கிழங்கை அனுப்பினார் செல்லமுத்து அண்ணன். மேடமும் தெரிந்தவர்களிடம் சொல்லி வண்டி கேட்டுப் பார்த்தார். கிடைத்த வண்டிகள் போதவில்லை. மீதி காட்டிலேயே கறுத்தது. அதற்குப் பிறகு நான் போன் செய்தால் எடுக்க மாட்டார். வெள்ளிக்கிழமை கோயிலில் நிற்கும்போது அந்த மனிதர் துண்டால் முகம் துடைத்ததுதான் கண்ணுக்குள் வரும். எங்கள் ஆபீசிலும் ஒரு மாதிரியான பேச்சு. மேடத்துக்கு வந்துகொண்டிருந்த வேலைகள் குறைந்தன.

பங்குனியில் முனியப்பனுக்குப் பொங்கல் வைத்து முடித்த மறுவாரம், செல்லமுத்து அண்ணனே போன் செய்தார்.

"தம்பி, மறுபடியும் கேட்டனுங். சோத்தாங்கைப் பக்கம் குடுத்துட்டாரு. அம்மணியக் கூட்டிட்டு வாங்க."

கரை மேல் மேடாக ஒரு இடத்தில் புது மேடை கட்டி வைத்திருந்தார். பூசை செய்து, அவர் வீட்டு ஆண்கள் சேர்ந்து சாமியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செங்கல் சுவரைப் பிரித்தோம். எண்ணெய்க் கறுப்பைச் சுரண்டிக் கழுவினோம். மேடம் மணலில் முழங்கால் போட்டு, ஒவ்வோர் அங்குலமாகத் தட்டினார், கருவி வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

"நல்லா இருக்கு."

"நல்லான்னா எப்படீங் அம்மணி?" என்றார் செல்லமுத்து அண்ணன்.

"ஒண்ணும் இல்லீங்க. வெடிப்பு இல்ல, கம்பி துரு இல்ல. மத்த மூணு பக்கம் போலத்தான்."

"அப்ப அன்னைக்கே எங்கெழங்கு லாரி போயிருக்கலாம்."

"போயிருக்கலாங்க," என்றார் மேடம். மழுப்பவில்லை. "போயிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா அது அன்னைக்கு நமக்குத் தெரியாதுங்க. இன்னைக்குத்தான் தெரியும்."

செல்லமுத்து அண்ணன் தூணை நோக்கி நடந்தார். அருகில் போய், இத்தனை நாள் சாமியின் முதுகு ஒட்டியிருந்த இடத்தை உள்ளங்கையால் தடவினார். "கறுத்தது கறுத்ததுதானுங்," என்றார். "எனக்கு வருத்தம் இல்லேன்னு நெனச்சுக்காதீங்க. இருக்குது." பிறகு என்னிடம், "அந்தச் சிலேட்டக் கொண்டாங்க தம்பி."

அங்கேயே மறுபடி அளந்து, ஓட்டை இருந்த இடத்தில் உண்மையான தூணை வைத்தேன். சொரசொரப்பும் எண்ணெய்க் கறையும் அப்படியே வந்தன. கரை மேல் முனியப்பனையும் நீக்காமல் விட்டேன். செல்லமுத்து அண்ணன் விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப இருக்குறாரு. பேரு போட்டீங்களா?"

ஒவ்வொரு பாகத்துக்கும் பெயரும் குறிப்பும் எழுத இடம் உண்டு என்றேன். எழுதச் சொன்னார். 'பாலத்து முனியப்பன்' என்று எழுதினேன்.

"கீழ இன்னொண்ணு எழுதுங்க. நகத்தறதா இருந்தாக் கேட்டுட்டு நகத்தோணும்னு."

மேடம் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தக் குறிப்பு இன்றைக்கும் மாடலில் இருக்கிறது. உங்களில் யாராவது அந்தப் பாலத்தைத் திறந்தால் பார்க்கலாம். தயவு செய்து அதைச் சுத்தம் பண்ணிவிடாதீர்கள்.

கல்யாண வீட்டில் அந்தத் தம்பி என்னிடம் சொன்ன முடிவு வேறு. சாமியை நகர்த்தினார்களாம், பின்னால் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு இருந்ததாம், முனியப்பன்தான் எல்லோரையும் காப்பாற்றினாராம். கேட்டவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் முனியப்பனை நம்புகிறவன். அவர் காப்பாற்றுவார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தத் தூணில் வெடிப்பு இல்லை. மேடத்தின் கையெழுத்து சரி என்று காட்ட அதற்கு ஒரு வெடிப்பு தேவையும் இல்லை.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இதை உங்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது கேட்பவர்கள், பின்னால் என்ன இருந்தது என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லை, தூண் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லுங்கள். அவர்கள் முகம் வாடும். வாடட்டும். ஒரு மனிதரின் கிழங்கு கறுத்துப் போனதையும் விடாமல் சொல்லுங்கள். நடந்தது இவ்வளவுதான். இதில் எதையும் நீக்கவும் வேண்டாம், அடைக்கவும் வேண்டாம்.